கிளி எடுத்த சீட்டு

காப்பி ஆறுகிறது கதிரேசன், குடியுங்கள். என் தங்கை கண்மணி போடும் காப்பிக்கு இந்தப் புக்கிட் பாத்தோக் என்ன, சிங்கப்பூர் முழுக்கத் தேடினாலும் ஈடு கிடைக்காது. உங்களுக்கும் ஒரு கோப்பை போட்டு வைத்துவிட்டுத்தான் சந்தைக்குப் போயிருக்கிறாள். அவள் உங்களை ஏன் மறுத்தாள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

பறவைகள் எப்படிக் கற்கின்றன, பலவற்றில் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பதுதான் பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சி. தேக்காவில் கிளி ஜோசியம் பார்க்கும் இராமசாமி அப்படித்தான் பழக்கமானார். அவர் கிளி வெளியே வரும், ஒரு சீட்டை எடுத்துக் கொடுக்கும், நெல்லைக் கொறித்துவிட்டுத் தானாகவே கூண்டுக்குள் போய்விடும். யாரும் பிடித்துத் தள்ளுவதில்லை. இறகை வெட்டியிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

ஜூரோங்கிலிருந்து நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று கண்மணியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனைப் பறிகொடுத்து நின்றவளுக்குச் சோறு போட்டவன் நான். இவள் போய்விட்டால் எனக்கு யார் வடித்துக் கொட்டுவது?

“கிளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேண்ணே,” என்றாள். நல்ல காரியம் எதையும் கிளியைக் கேட்காமல் அவள் தொடங்க மாட்டாள்.

ஆராய்ச்சிக்கு என்று சொல்லிக் கிளியையும் சீட்டுக்கட்டையும் கொஞ்ச நாள் இரவல் வாங்கினேன். பாம்புப் படம் இருக்கும் சீட்டின் உறையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். அதை எடுத்தால் சூரியகாந்தி விதை, வேறு எதை எடுத்தாலும் பட்டினி. கெட்டிக்காரக் கிளி, சீக்கிரமே பிடித்துக்கொண்டது.

கிளியைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவளைத் தேக்காவுக்கு அழைத்துப் போனேன். அன்றைக்குக் கண்மணி தலையில் பூ வைத்திருந்தாள். கிளி பாம்பை எடுத்தது. இராமசாமி பாவம், ஒன்றும் அறியாதவர். “வேணாம்மா. கட்டிக்கிட்டா இந்த மனுசன் உசுருக்கும் ஆபத்து,” என்றார். எம்ஆர்டி ரயிலில் திரும்பி வரும்போதே பூவை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆகவே உங்களைப் பிடிக்காமல் அவள் மறுக்கவில்லை. நீங்கள் சாகக்கூடாது என்றுதான் மறுத்தாள்.

எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள். அவள் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். “எங்கண்ணன் அப்படிப்பட்டவரு இல்லை லா,” என்பாள். நான் அவளை எதற்கும் வற்புறுத்தியதில்லை. தினம் சந்தைக்குப் போகிறாள், தானாகவே திரும்பி வருகிறாள். வாசல் கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை.