போன வாரத்தைவிடச் சத்தம் கம்மி

ரஃபி: நாக்குல வச்சுப் பாத்தியா?

பர்ஹானா: பாத்துட்டேண்ணே. சுருக்குன்னு இருக்கு. புது பேட்டரிதான்.

ரஃபி: இங்க குடு, நான் பாக்குறேன்... ம். நல்லாத்தான் இருக்கு. பெறகு ஏன் இந்தச் செவப்பு கிட்டாரு செத்த பாம்பாட்டம் கெடக்கு?

பர்ஹானா: ராத்திரி கேபிளச் சொருகுனபடியே விட்டுட்டுப் போயிருப்ப. ஆக்டிவ் பிக்கப்புன்னா கேபிள் உள்ள இருந்தாலே பேட்டரியக் குடிச்சிரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்.

ரஃபி: அதான் புதுசு போட்டாச்சே. போட்டும் அதே கததான்.

பர்ஹானா: சரி, மொதல்ல பேச வேண்டியதப் பேசி முடி. ஜும்ஆ தொழுக முடிஞ்சு வந்ததுல இருந்து கம்பிய முறுக்கிக்கிட்டே இருக்க. கேமரா ஓடுது.

ரஃபி: அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். திண்டுக்கல் பேகம்பூர்ல இருந்து உங்க ரஃபி, கூட என் தங்கச்சி பர்ஹானா. கம்பி ஆடுறத வாங்கி, சத்தத்தப் பெருசாக்குற ஆம்புக்கு அனுப்புறதுதான் பிக்கப்பு. அதுல பேட்டரி வச்சு ஓடுறது ஆக்டிவ். பெரிய கிட்டார்காரர் ஒருத்தர், தன் கைக்குத் தக்கன இப்படி வேணும்னு சொல்லிச் செஞ்சு, அவரு பேரப் போட்டு விக்கிறது சிக்னேச்சர். மெட்டல்ங்கிற அதிரடிப் பாட்டு வாசிக்கிறவங்களுக்குன்னே வந்த அப்படி ரெண்டு செட்டு இங்க இருக்கு. என் கறுப்புல ஒண்ணு, கூட வாசிக்கிற தம்பி ஸ்டீபன்ராஜோட செவப்புல ஒண்ணு. போன வெள்ளிக்கிழமை கறுப்பப் பாத்தோம். இன்னைக்கு...

பர்ஹானா: நிப்பாட்டு, நிப்பாட்டு. விசில்.

ரஃபி: என்ன விசில்?

பர்ஹானா: கீழ அம்மா குக்கர் வச்சிருக்காங்கண்ணே. ரெண்டாவது விசில். பதிவுல விழுந்திருச்சு.

ரஃபி: ...ஆமா. கேட்டுச்சு. அது கெடக்கட்டும்னு பேசிக்கிட்டே போனேன்.

பர்ஹானா: ம்.

ரஃபி: என்ன ம்?

பர்ஹானா: ஒண்ணுமில்ல. ஒட்டன்சத்திரத்துல இருந்து ஒருத்தர் எழுதிருக்காரு. "ஏனுங்ணா, கண்ணக் கட்டிக்கிட்டு ரெண்டையும் கேட்டு, எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்"னு. செய்வமா?

ரஃபி: கண்ணக் கட்டிக்கிட்டா? வித்த காட்டவா வந்திருக்கோம். அதெல்லாம் வேணாம்.

பர்ஹானா: நான் வாசிக்கிறேன், நீ திரும்பி உக்காந்து கேளு.

ரஃபி: நீ வாசிச்சா கம்பி மேல எனக்கு எரக்கம் வந்துரும். வேணாம்னா விடு புள்ள. ஆம்பு எதுல நிக்குது?

பர்ஹானா: அஞ்சுல.

ரஃபி: நல்லாப் பாத்துச் சொல்லு.

பர்ஹானா: குமிழுல கோடு அஞ்சுக்கு நேராத்தான் இருக்கு. வேணும்னா எந்திரிச்சுப் பாரு.

ரஃபி: ...ஆமா, அஞ்சுதான். எந்த வீடியோவானாலும் அஞ்சு. வாரத்துக்கு ஒரு எடைக்கல்லு வச்சு நிறுத்தா எவன் நம்புவான்?

பர்ஹானா: இதத்தான் வாராவாரம் சொல்ற.

ரஃபி: சொல்லுவேன். சரி, கேளு... இது கீழ்க்கம்பி... எப்படி?

பர்ஹானா: இறுக்கமா இருக்கு. வெட்டு வெட்டுன்னு விழுகுது. நீ கைய வச்ச ஒடனே அமந்துருது, ஒரு எரைச்சல் இல்ல.

ரஃபி: மேல, கீச்சுச் சத்தம் எப்படி இருக்கு?

பர்ஹானா: மேலயா... அத நீதான சொல்லணும்?

ரஃபி: சும்மா கேட்டேன். ஒன் காது எம்புட்டுத் தேறிருக்குன்னு பாக்க.

பர்ஹானா: ஊசி மாதிரி இருக்கு. கறுப்புல மேல கொஞ்சம் வட்டமா, எண்ணெ போட்ட தோலு மாதிரி இருந்துச்சு. இதுல அந்த வழவழப்பு இல்ல, ஆனா ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாத் தெரியுது.

ரஃபி: ம்... அதேதான். ஊசி மாதிரி. நானும் அதத்தான் சொல்ல வந்தேன். ஆனா வேகமே இல்லையே. ரெண்டுல இதுதான் கூடச் சத்தம் குடுக்கும்னு கம்பெனிக்காரன் போட்டிருக்கான். போன வாரக் கறுப்புல பாதி கூட இல்ல. இப்படியே சொல்லிர வேண்டியதுதான். செவப்புல சத்தம் கம்மி, மெட்டலுக்கு ஆகாதுன்னு.

பர்ஹானா: அப்படிச் சொல்லாதண்ணே.

ரஃபி: ஏன்?

பர்ஹானா: அம்புட்டுப் பேரும் ஒன் பேச்ச நம்பித்தான வாங்குறாங்க.

ரஃபி: அதுக்குத்தான் சொல்றேன். காதுல விழுந்ததச் சொல்லாம வேற எதச் சொல்ல?

பர்ஹானா: கறுப்ப ஒரு தடவ வாசிச்சுட்டுச் சொல்லு.

ரஃபி: அதான் போன வாரமே வாசிச்சமே...

பர்ஹானா: இப்ப வாசிண்ணே. ஒரே ஒரு தடவ. எனக்காக.

ரஃபி: சரி, எடு. இதுல பேட்டரி?

பர்ஹானா: காலைலதான் மாத்துனேன்.

ரஃபி: அதே கீழ்க்கம்பி, கேளு...

பர்ஹானா: அண்ணே?

ரஃபி: ...இதுவும் போச்சு.

பர்ஹானா: என்ன போச்சு?

ரஃபி: போன வாரம் இது காதுல வந்து அறைஞ்சுச்சு புள்ள. இப்ப தெருக்கோடில யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு. கேமராவ நிப்பாட்டு.

பர்ஹானா: நிப்பாட்டிட்டேன்.

ரஃபி: செவப்புல ஒரு கொறையும் இல்ல. நல்லவேள, சொல்லாம விட்டேன்... சாயந்தரம் ஸ்டீபன்ராஜ் வருவான்.

பர்ஹானா: அவன் கிட்டார எடுத்துக்கிட்டுப் போறதுக்குத்தான?

ரஃபி: என்னோடதையும் சேத்துத்தான். எடுத்துக்கடான்னு சொல்லிட்டேன்.

பர்ஹானா: கறுப்பையா? ஏண்ணே?

ரஃபி: நாளைல இருந்து அத்தாகூடத் தோல் மண்டிக்குப் போறேன். அவரும் தனியாத்தான கெடந்து அல்லாடுறாரு.

பர்ஹானா: மகனே வான்னு அத்தா ஒன்னைய எப்பக் கூப்பிட்டாரு? நீ வந்தா ஆட்டுத்தோல மாட்டுத்தோல்னு வாங்கிப் போட்டுருவன்னு சிரிச்ச மனுசன் அவரு.

ரஃபி: கத்துக்கிறேன். தோலக் கையால தடவித்தான பாக்கணும். அதுக்குக் காது வேணாம்.

பர்ஹானா: காதுக்கு என்னன்னு நீயே சொல்லுண்ணே.

ரஃபி: வலது காதுல கீச்சுன்னு வர்ற சத்தம் எதுவும் விழுகல. எடது பரவால்ல, ஆனா அதுலயும் கொற இருக்கு. அந்தக் குக்கர் விசில் எனக்குக் கேக்கவே இல்ல. சாம்பிள் தோல் குடுக்கப் போறேன்னு மதுரைக்குப் போனேன்ல... டாக்டரத்தான் பாக்கப் போனேன். இத்தன வருசமா ஆம்புக்கு முன்னாடியே உக்காந்து வாசிச்சதுல வந்ததாம். போனது வராது, இருக்குறதக் காப்பாத்திக்கலாம், மறுபடி வந்து காட்டுன்னாரு.

பர்ஹானா: காட்டுனியா?

ரஃபி: இல்ல.

பர்ஹானா: ஏண்ணே?

ரஃபி: எதக் காப்பாத்த? அவரு சொன்னதுக்கு அப்பறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கவனிச்சுக்கிட்டுத்தான் வாரேன். அதே ஆம்பு, அதே அஞ்சு. வாராவாரம் கொறஞ்சுக்கிட்டே போகுது. இந்த வேகத்துல போனா நோம்பு வர்றதுக்குள்ள எனக்கு எதுவுமே கேக்காது. அங்க போயி, அத அவரு வாயால கேக்கணுமா? பயமா இருக்கு பர்ஹானா. யாருகிட்டச் சொல்ல?

பர்ஹானா: நான் பேசுறது கேக்குதாண்ணே?

ரஃபி: கேக்குது. எதுர இருக்க, மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கேன்... கேக்குது.

பர்ஹானா: போன வாரத்தவிடக் கம்மியாவா கேக்குது?

ரஃபி: ...இல்ல. அப்படியேதான் இருக்கு.

பர்ஹானா: போன மாசத்தவிட?

ரஃபி: அதே மாதிரிதான். அதுக்கு ஏன் நீ அழுகுற? ஏய்... ஒனக்கு முன்னாடியே தெரியுமா?

பர்ஹானா: தெரியும். ஒன் மடியிலயே போன் கெடந்து அடிச்சும் நீ எடுக்காம இருந்தப்பவே தெரியும். நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்.

ரஃபி: தெரிஞ்சுக்கிட்டுமா சும்மா இருந்த?

பர்ஹானா: சும்மா இல்லண்ணே. காதுக்கு ஆகாது, சத்தத்தக் கொறன்னா நீ ஒத்துக்க மாட்ட, அஞ்சுன்னா அஞ்சும்ப. அந்த ஆம்புக் குமிழு இழுத்தா கழண்டு வரும்ல... நீ ஜும்ஆவுக்குப் போனதும், சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வச்சுட்டு, குமிழக் கழட்டி, கோடு அஞ்சப் பாக்குற மாதிரி திருப்பி மாட்டிருவேன். ஒரேயடியாக் கொறச்சாக் கண்டுபிடிச்சிருவன்னு வாரத்துக்குக் கொஞ்சமாக் கொறச்சேன். இந்த வாரம் பயத்துல கூடக் கொறச்சுட்டேன். வாராவாரம் கொறஞ்சது ஒன் காது இல்லண்ணே, ஆம்பு.