கலைமணியின் குடலும் புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.வும்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் பஞ்சநாதன் ஐயா அவர்களே! வெயிலையும் வேலையையும் ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் அரியலூர்ப் பெரியோர்களே! முந்திரிக் காட்டிலிருந்து நேரே வந்தமர்ந்த தாய்மார்களே! மீன்சுருட்டியில் பிறந்து, குடல்நோய் மருத்துவம் படித்த வெற்றிச்செல்வியின் வணக்கம்.

குடலைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். பேசாததால் பாழாகவிருந்த ஒரு வாழ்க்கையைப் பார்த்தவள் நான், அதனால் பேசுகிறேன்.

கலைமணி, ஜெயங்கொண்டம் தடத்தில் பஸ் கண்டக்டர். ஒரு நாளைக்குப் பத்து முறை வயிறு கலங்கும். மலத்தில் இரத்தம் வரும். மூலம் என்று எண்ணி இரண்டாண்டு கைமருந்து தின்றார். வேலைநாளில் சோற்றைத் தொடமாட்டார். ஒருநாள் உடையார்பாளையம் தாண்டியதும் விசிலடித்து வண்டியை நிறுத்திவிட்டுக் கருவேலம் புதருக்கு ஓடினார். ஒருவர் அதைச் செல்போனில் படமெடுத்தார். மாலைக்குள் ஊரே பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவராவது, ஏன் ஓடினார் என்று கேட்டாரா?

பதினெட்டு நாள் அவர் வாசல் தாண்டவில்லை. மனைவி சசிகலாதான் என்னிடம் அழைத்துவந்தார். "ஒண்ணுமில்லீங்க, சூடுதான்" என்றார் கலைமணி.

"பொய் சொல்றாருங்க. இவரு துணிய நாந்தாங்க தொவைக்கிறேன்" என்றார் சசிகலா.

கலைமணி தலைகுனிந்து அழுதார்.

கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தோம். பெருங்குடல் முழுக்கப் புண். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கும் அழற்சி நோய். முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார், ஒட்டுமா என்று. ஒட்டாது தாயே! ஒரே தட்டில் உண்ணலாம்.

மருந்து தொடங்கினோம். எங்கள் ஆய்வுக்காகக் கடுகளவு குடல் சதை கேட்டேன். "அதுல என்னத்தம்மா தேடுவீங்க?" என்றார். சொன்னேன்: மரபணுக்களிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.க்களில் பல, புரதம் செய்வதில்லை. ஒருகாலத்தில் வீண் என்றுகூட ஒதுக்கினார்கள். இன்றோ, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யலாம் என்பதை அவை அடக்கவும் தூண்டவும் செய்வதாக அறிகிறோம். அழற்சி கண்ட குடலில் அவற்றில் சில கூடிக் கிடக்கின்றன. சில குறைந்து கிடக்கின்றன. அந்த ஏற்றத்தாழ்வால் குடல்சுவரின் காவல் தளரலாம், அழற்சி மூளலாம்.

"அப்ப அது வண்டி ஓட்டாது, விசில் குடுக்குதுன்னு சொல்லுங்க!" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் எனக்குச் சொன்னது?

"இதனால உங்க நோய் உடனே தீராதுங்க" என்றேன்.

"தெரியுதும்மா. எடுத்துக்குங்க. நான் வெளியில ஓடினதத்தான் எல்லாரும் பாத்தாங்க. நீங்களாச்சும் உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க."

அன்பர்களே, ஆய்வு முடியவில்லை. இரத்தத்திலோ மலத்திலோ இந்த ஆர்.என்.ஏ.க்களை அளந்து, நோய் சீறுமுன்பே அறியலாம் என்பது நம்பிக்கை. அன்றாடச் சோதனையாக அது இன்னும் வரவில்லை. வந்துவிட்டதென்று விற்பவரை நம்பாதீர்கள்! ஆனால், இன்று கையிலிருக்கும் மருந்தால் ஆறாம் மாதம் கலைமணிக்கு இரத்தம் நின்றது. மீண்டும் தோளில் பையை மாட்டினார்.

வேலைக்குத் திரும்பிய முதல்நாளே, பணிமனையில் தோழர்கள் நடுவே நின்று, "எனக்குக் குடல்ல புண்ணு. அதான் ஓடினேன். உங்கள்ல யாருக்காச்சும் ரத்தம் போனா மறைக்காதீங்க" என்றாராம். ஒருவரும் சிரிக்கவில்லை. மறுவாரம் மூன்று ஓட்டுநர்கள் என்னிடம் வந்தார்கள். ஒருவருக்கு அதே நோய். முற்றுவதற்குள் பிடித்துவிட்டோம்!

அந்த ஓட்டுநரின் நோயைக் கண்டுபிடித்தது என் நுண்ணோக்கியா? என் ஆய்வுக்கூடமா? ஒரு மனிதன் வெட்கத்தை விட்டுப் பேசினான். அந்தப் பேச்சு கண்டுபிடித்தது! எங்கள் அறிவு வளரட்டும், கருவி வளரட்டும்; அதுவரை உங்கள் வாய் மூடியிருக்க வேண்டாம். சொல்லுங்கள், மனைவியிடம் சொல்லுங்கள், மகனிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்!

தம் கதையைத் தம் பெயரோடு சொல்லச்சொன்ன கலைமணிக்கும், உண்மையைப் போட்டுடைத்த சசிகலாவுக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. நலம் பெருகுக! வணக்கம்.