குரூப்புல சல்மான் பேரு

இல்ல மேடம், போன் குரூப்புல அந்தக் கட்டவெரல் படத்த எம் மகன் சல்மான் போடல. நான்தான் போட்டேன். அந்தப் புள்ள ஜெரால்டு, அவங்க அப்பா இறந்துட்டாருன்னு எழுத்துல போட்டிருக்கு. எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. பேசிப் போட்டிருந்தா இங்கிட்டு நானும் சேந்து அழுதிருப்பேன். சாவு வீட்டுல போயி சூப்பருன்னு வெரலத் தூக்கிக் காட்டிருக்கேனே, பாவி!

அதான் புள்ளைங்க கோவத்துல சல்மான குரூப்ப விட்டே தூக்கிருச்சுங்க. பக்கத்து வீட்டு ஷமீமாதான் படிச்சுச் சொன்னுச்சு. கேட்டதும் பஸ் மாறி மாறி ஓடியாறேன்.

நீங்கதானே மேடம் போன்ல பேசிப் போட்டீங்க? தபால்ல படிக்கிற புள்ளைங்க, ஒருத்தர ஒருத்தர் மொகம் பாக்காதவங்க, இந்தக் குரூப்புலதான் ஒண்ணாக் கூடிப் படிக்கணும், பதிலே போடாதவங்கள எடுத்துருவேன்னு. அதக் கேட்டதுலருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு உக்காந்து, வந்தது எல்லாத்துக்கும் ஒரு வெரல வச்சு விட்ருவேன். ரூமானான்னு ஒரு புள்ள கணக்குப் பாடத்த என்னமாச் சொல்லிக் குடுக்குது! மீன் ஆயும்போது பக்கத்துல வச்சுக் கேப்பேன். ஒண்ணும் வெளங்காது. சல்மான், ஒனக்குப் புரிஞ்சுச்சாடான்னு அது கேக்கும். அதுக்கும் வெரல்தான்.

காப்பியெல்லாம் வேணாங்க. மறுபடி சேத்து மட்டும் விட்ருங்க. ஜெரால்டு வீடு எங்கிட்டுன்னு சொல்லுங்க, போயி அவங்க அம்மா கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்.

சல்மானா? அவன் எப்புடி மேடம் வருவான்? கடலுக்குப் போகையில தண்ணி பட்டுரும்னு போன வீட்டுல வச்சிட்டுத்தான் போவான். அன்னைக்கும் அப்புடித்தான், மாமாகூடப் போனான். எல்லை தாண்டிட்டாங்கன்னு படகோட புடிச்சுட்டாங்க. இலங்கையில, ஜெயில்ல இருக்கான்.

ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கிட்டேன். வந்துருவான், வந்துருவான்ங்குறாங்க. எப்பன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க. ஒங்ககிட்டச் சொன்னா படிப்புலருந்தே பேர அடிச்சுருவீங்களோன்னு பயமாருந்துச்சு.

நான் என்னங்க செய்வேன்? கடலுக்கு அங்கிட்டு இருக்குற புள்ளைக்கு இங்க இருந்து என்னால முடிஞ்சது, அவன் பேரு அந்தக் குரூப்ப விட்டுப் போகாமப் பாத்துக்குறது ஒண்ணுதான். அதயும் நானே கெடுத்துட்டேன் மேடம்.