ஏழு நாள் மருந்து

பசியாவரத்தில் கோடை பிறந்தால் கண்நோவு வராத வீடு இருக்காது. ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் அப்படி. என் மகன் தேசப்பனுக்கும் இந்தப் பங்குனியில் வந்தது. நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டேன். எல்லாத் தாயும் செய்வதுதான்.

அவன் மூன்று மாதப் பிள்ளையாக இருந்தபோது அவனைப் பெற்ற நைனா முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனார். படகு திரும்பியது, ஆள் திரும்பவில்லை. சேற்றில் இறால் தடவிப் பிடித்து விற்று அவனை வளர்த்தேன். இருபத்துநான்கு வயதாகியும், அவன் வலைக்குப் போன நாளெல்லாம் கரையிலேயே நிற்பேன். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்தப் பஞ்சாயத்திலும் உட்கார்ந்திருக்கிறீர்கள், பெரியவர்களே.

ருக்குவை அவன் ஏரிக்கு அக்கரையில், பழவேற்காட்டில் கண்டான். துணியில் பூ எழுதுகிற வீட்டுப் பெண். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். அவனுக்குக் காக்காய் வலிப்பு இருக்கிறது என்று அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அப்படி எதுவும் இல்லை. அவள் எனக்கு மோர் கொடுத்தாள்.

"இருந்தா இருக்கட்டும் அத்தே. நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

பிறகு, அந்தத் துணியை வாங்கும், கோட்டையில் இருக்கும் ஒல்லாந்து வெள்ளைக்காரர்கள் நாகப்பட்டினத்துக்கு மாறுகிறார்கள் என்று செய்தி வந்தது. துணி எழுதுகிறவர்களும் அவர்கள் பின்னாலேயே கிளம்பினார்கள். கண் சிவந்திருந்த நிலையில் தேசப்பன் என்னிடம் வந்தான்.

"அம்மா, ருக்கு வூட்ல எல்லாரும் கப்பல் ஏறுறாங்க. நானும் போறேன். அங்க தாலி கட்டி, ஒரு வூடு பாத்துட்டு வந்து உன்ன இட்டுனு போறேன்."

"எப்போடா?"

"இன்னும் எட்டு நாள் இருக்குது."

வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் அவன் நைனாவும் போனார்.

அன்று குடிசைக்குப் பின்னால் இருந்த கள்ளியை ஒடித்தேன். பூச்சாற்றில் அதன் பாலை ஒரு சொட்டு கலந்தேன். கப்பல் போகும்வரை அவன் கண்ணைத் திறக்க முடியாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

"இன்னாம்மா இது, நெருப்பா எரியுதே."

"மருந்துன்னா எரியும். கண்ண மூடிக்கோடா."

மூடிக்கொண்டான். மறுநாளும் அவனே வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தான்.

நான்காம் நாள், பகல் எது இருட்டு எது என்று தெரியவில்லை என்றான். அன்றே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கப்பலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

கப்பல் போனது. ருக்கு போகவில்லை. தன் நைனாவோடு சண்டை போட்டுவிட்டு, ஒரு வைத்தியரை அழைத்துக்கொண்டு படகேறி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். வைத்தியர் இமையை விலக்கிப் பார்த்தார்.

"இது நோவு இல்ல. யாரோ கள்ளிப்பால் வுட்டுக்கிறாங்க. இனிமே பார்வை வராது" என்றார்.

கூடி நின்ற உங்களிடம், ருக்கு அனுப்பிய ஒரு தைலத்தைத்தான் அவன் கண்ணில் விட்டேன் என்று சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். அவளை வலைக்கொட்டகையில் அடைத்தீர்கள். தேசப்பன்தான் சுவரைப் பிடித்து எழுந்து நின்றான்.

"ருக்கு எனக்கு ஒண்ணும் அனுப்பல. என் கண்ணத் தொட்டது ஒரு கைதான்."

யார் கை என்று அவன் சொல்லவில்லை. அவள் மேலுள்ள மயக்கத்தில் உளறுகிறான் என்று நீங்கள் கலைந்துபோனீர்கள்.

அதற்குப் பிறகு மூன்று நாளாயிற்று. சோற்றைப் பிசைந்து அவன் உதட்டருகே கொண்டுபோகிறேன். என் விரல் வாசனை பட்டதும் வாயை மூடிக்கொள்கிறான். திட்டவில்லை. அழவில்லை. அம்மா என்றும் கூப்பிடவில்லை. தண்ணீர்கூடப் பக்கத்து வீட்டு ஜெயம்மா கொடுத்தால்தான் குடிக்கிறான். உண்மையைச் சொல்லிவிட்டால் என் கையால் சாப்பிடுவான் என்றுதான் வந்தேன். என்னை யாரும் இழுத்து வரவில்லை.

ஏழு நாள், இரண்டு கண்ணுக்கும், நான்தான் விட்டேன். கொட்டகையைத் திறந்து ருக்குவை விடுங்கள். அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போகக் கேட்பாள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். என்னை அடியுங்கள், ஊரைவிட்டுத் தள்ளி வையுங்கள், ஆனால் அவனையும் என்னோடு அனுப்பிவிடுங்கள். பார்வையில்லாத பிள்ளையை, பெற்றவளைத் தவிர வேறு யாரை நம்பி விட முடியும்?