பதினெட்டாவது நிமிடம்

ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் என் முன் சீட்டில் ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள். ஒருத்தி தன் கணவர் டிரம்ஸ் வாசிக்கும் ராக் இசைக்குழுவின் நாற்பதாம் ஆண்டுக் கச்சேரி வீடியோவைப் போனில் காட்டினாள்.

“ஒரே பாட்டு இருபத்திரண்டு நிமிஷம். பதினெட்டாவது நிமிஷத்துல இவரு கை நிக்குது பாருங்கக்கா.”

“சனம் கை தட்டுதே?”

“இவங்க பாட்டே நடுவுல நின்னு நின்னுதான் போகும். இதையும் பாட்டுன்னு நெனச்சிட்டாங்க. நெஞ்சைப் புடிக்கிறத யாரும் பாக்கல.”

“அவரு என்ன சொல்றாரு?”

“வாயுவாம். இன்னைக்கு டாக்டருகிட்ட வீடியோவக் காட்டினேன். உடனே கூட்டிட்டு வரச் சொல்றாரு.”

ஸ்பீக்கரில் வீட்டுக்கு அழைத்தாள். பதினொரு முறை மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

“டிரம்ஸ் அடிச்சிக்கிட்டிருப்பாரு. கேட்டிருக்காது.”

“அடிக்கிற குச்சி ரெண்டும் என் பேக்ல இருக்குக்கா.”