மேட்டில் ஏறிய வெள்ளம்

செம்பூரில் ஏறிய இரண்டு டீச்சர்கள் லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் என் பக்கத்தில் நின்றார்கள். கம்ப்யூட்டரில் மேப் போடச் சொல்லிக்கொடுப்பவர்கள்.

“நேத்து என் பசங்க மேப்புல ஆண்டாப் ஹில் உச்சியை வெள்ளத்துல மூழ்கடிச்சிட்டாங்க அக்கா. கீழ ரோடு காய்ஞ்சு கிடக்கு.”

“சாஃப்ட்வேர் தப்பா?”

“உயரத்தைத் தலைகீழாப் போட்டிருக்காங்க. கலர் மட்டும் பிரமாதம். ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. ஒருத்தி வீடே அந்த மேட்டுலதான்!”

“அரே, இன்டர்வியூல மேடு பள்ளமா கேக்கப்போறான்? சாஃப்ட்வேர் தெரியுமான்னுதான் கேப்பான்.”

“கேக்கட்டும். மழையில இந்த மேப்பை நம்பி யாராவது பள்ளத்துல போய் நின்னா?”

இளையவர் தன் தோள்பையைத் தட்டினார்.

“இன்னிக்கு எல்லாரையும் அந்த மேட்டுல நடக்க வைக்கப்போறேன். தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு ஒவ்வொருத்தரும் நின்னு கை காட்டணும். அதுவரைக்கும் லேப் சாவி என் பையிலதான்.”