துடைத்துவிட்டுத்தான் செய்யணும்

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போவிலிருந்து தாப்பாவுக்குப் போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"இன்னிக்கு ஆபீஸ் சம்பள புரோகிராமையே அழிச்சிட்டேன் அக்கா."

"ஐயோ, அப்புறம்?"

"கம்ப்யூட்டர்ல பழைய புரோகிராமத் துடைச்சிட்டு, அப்புறம் புதுசு செய்யணும். நான் முதல்ல புதுசச் செஞ்சிட்டு, அப்புறம் துடைச்சிட்டேன், புதுசும் சேர்ந்து போச்சு. வேலை போச்சுன்னு நெனச்சேன். புரோகிராம் எழுதிக் குடுத்த கோலாலம்பூர் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். 'கம்ப்யூட்டர் செஞ்சதுதான் போச்சு, நாம எழுதுனது அப்படியே இருக்கு, அத வச்சுத் திரும்பச் செய்'னாரு. செஞ்சேன், வந்திருச்சுலா."

"பாஸ் ஏசலையா?"

"இல்ல. எது முதல்ல, எது பின்னாலன்னு எழுதி கம்ப்யூட்டர் பக்கத்துல ஒட்டச் சொன்னாரு. மலாய்லயும் இங்கிலீஷ்லயும் எழுதுனேன். அடியில தமிழ்ல, 'மாத்திப் போட்டா அழுவாதே, திரும்பச் செய்யலாம்'னு ஒரு வரி."

"அங்க யாருக்குத் தமிழ் தெரியும்?"

"நான் ஒருத்திதான் அக்கா."

இருவரும் சிரித்தார்கள்.